தலைப்புக்கு எழுதுவதா, கேள்விக்கு எழுதுவதா?

‘1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்துக்குப் பருவமழை பொய்த்தது எந்த அளவுக்குக் காரணம்? ஆராய்க.’ கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு மாணவருக்கு இப்படியொரு கேள்வி தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் எழுதும் கட்டுரையின் போக்கை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பஞ்சம் என்றால் என்ன என்ற விளக்கத்தோடு அது தொடங்கும். தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று அழைத்த அந்தக் கொடுமையின் வரலாறு அடுத்து வரும். பாதிக்கப்பட்ட பெல்லாரி, கர்னூல், கடப்பை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் பெயர்கள், வைஸ்ராய் லிட்டன் பிரபு, சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு, நிவாரண முகாம்கள், இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்கள், 1880இல் வந்த பஞ்ச ஆணைய அறிக்கை எல்லாம் வரிசையாக அணிவகுக்கும். கடைசியில், இப்படிப்பட்ட பஞ்சம் இனி வராமல் காப்பது நம் கடமை என்று முடியும். எழுதியதில் ஒரு தகவலும் பிழையில்லை. உழைப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும், அது நியாயமும்கூட. கேள்வி கேட்டது ‘எந்த அளவுக்கு’ என்று. ஆறு பக்கக் கட்டுரையில் அந்த அளவைச் சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

மாணவர் இங்கே தலைப்புக்கு எழுதியிருக்கிறார், கேள்விக்கு எழுதவில்லை. இதை அவருடைய கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. நம் பள்ளிகள் கட்டுரை எழுதக் கற்பிக்கும் முறையிலிருந்தே இது வருகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் வரும் கட்டுரைப் பகுதியைப் பாருங்கள். ‘பின்வரும் குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக’ என்று சொல்லி, முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரைக்கும் உள்தலைப்புகளைக் கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது. மாணவர் செய்ய வேண்டியது ஒவ்வொரு தலைப்பின் கீழும் சில வரிகள் நிரப்புவது மட்டுமே. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எதன் மீது எதை நிறுத்துவது என்ற முடிவுகளையெல்லாம் கேள்வி தயாரித்தவர் எடுத்துவிட்டார். சிறு வகுப்புகளில் இந்த உதவி தேவைதான். சிக்கல் என்னவென்றால், எந்த வகுப்பிலும் அது விலக்கப்படுவதில்லை. ஒரு கட்டுரையில் உண்மையான சிந்தனை நடக்கும் இடம் அதன் திட்டமிடல். அந்த வேலையை ஒருமுறைகூடத் தன் கையால் செய்து பார்க்காமலேயே ஒரு மாணவர் கல்லூரிக்குப் போகிறார், போட்டித் தேர்வுக்கும் போகிறார். அங்கே குறிப்புச்சட்டகம் இல்லாத ஒற்றை வரிக் கேள்வி காத்திருக்கிறது. அவர் தன் நினைவிலிருந்து ஒரு பழைய சட்டகத்தை எடுத்து அதில் தகவல்களை நிரப்புகிறார். வேறென்ன செய்வார்?

கேள்வியைப் படிப்பதிலிருந்தே திட்டமிடல் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கேள்வியிலும் பொருள் ஒன்று இருக்கும், ஏவல் ஒன்று இருக்கும். பொருள் பஞ்சம். ஏவல் என்பது விவரி, விளக்கு, ஒப்பிடு, ஆராய், மதிப்பிடு என்று கடைசியில் நிற்கும் சொல். விவரி என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். விளக்கு என்றால் ஏன் நடந்தது என்று காட்ட வேண்டும். மதிப்பிடு, ஆராய், எந்த அளவுக்கு என்று வந்துவிட்டால் எழுதுபவர் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட கேள்வியில் இன்னொரு அடுக்கும் உண்டு. மழை பொய்த்தது ஒரு காரணம் என்பதைக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே மழை பெய்யவில்லை என்று நிரூபிக்க இரண்டு பக்கம் செலவழிப்பது வீண். வேறு காரணங்களும் இருந்தன, அவற்றோடு வைத்து மழையை எடைபோட வேண்டும் என்பது கேள்வியின் உட்கிடை. அதற்கும் கீழே சொல்லப்படாத ஒரு கேள்வி இருக்கிறது. எதற்குக் காரணம்? விளைச்சல் போனதற்கா, லட்சக்கணக்கானோர் மாண்டதற்கா? இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு மாணவருக்குத் தோன்றிய கணத்தில் அவருடைய கட்டுரை பிறந்துவிடுகிறது. இந்த இடத்தில் பத்து நிமிடம் நிற்பவர் பின்னால் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்துவார்.

அடுத்த வேலை, கேள்விக்கான பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது. கட்டுரை எழுதுவதற்கு முன்பே, விரிவாகப் படித்து முடிப்பதற்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ‘பஞ்சத்துக்குப் பல காரணங்கள் இருந்தன’ என்று முதலில் வரும். அதை அடித்துவிடலாம், ஏனென்றால் உலகில் ஒருவரும் அதை மறுக்க மாட்டார். மறுக்க ஆளில்லாத வாக்கியத்துக்காக ஆறு பக்கம் வாதாட வேண்டியதில்லை. ‘மழையைவிட ஆங்கிலேய ஆட்சியே காரணம்’ என்று அடுத்து வரும். இது பரவாயில்லை, எதிர்த்துப் பேச இடமிருக்கிறது. ஆனால் ஆட்சி என்பது மிகப் பெரிய சொல், ஆட்சி செய்த எது என்று கேட்டால் பதில் இல்லை. மூன்றாவது முயற்சி இப்படி வரலாம்: மழை பொய்த்ததால் விளைச்சலும் கூலிவேலையும் போயின, அந்தத் தட்டுப்பாடு லட்சக்கணக்கான சாவுகளாக மாறியதற்கு, தானிய விலையைச் சந்தையின் போக்கில் விட்டு, நிவாரணக் கூலியையும் குறைத்த அரசின் முடிவுகளே பெரும் காரணம். இப்போது ‘எந்த அளவுக்கு’ என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மழைக்கு உரியது எது, அரசுக்கு உரியது எது என்று பிரித்துச் சொல்லியாகிவிட்டது. அதைவிட முக்கியம், என்ன ஆதாரம் தேட வேண்டும் என்பதையும் இந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது. விலை பற்றி வேண்டும், கூலி பற்றி வேண்டும், மழை பொய்த்தும் மக்கள் இவ்வளவு சாகாத வேறோர் இடம் வேண்டும்.

அப்படியோர் இடம் உண்டு. 1873–74இல் பீகாரிலும் மழை பொய்த்தது. வங்காளத்தின் துணைநிலை ஆளுநராக அந்த நிவாரணத்தை நடத்தியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி தருவிக்கப்பட்டது, பட்டினிச் சாவு மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டார் என்று டெம்பிள் மீது கண்டனம் எழுந்தது. மூன்றாண்டுகள் கழித்துத் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பார்வையிட லிட்டன் அனுப்பிய பிரதிநிதியும் இதே டெம்பிள்தான். இந்த முறை சிக்கனமே அவருக்கு இடப்பட்ட கட்டளை. 1877 ஜனவரியில் அவர் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் உடலுழைக்கும் ஆண் ஒருவருக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஒரு அணா. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் இல்லாமல் உழைக்கும் உடல் தாங்காது என்பது அவர் வாதம். சில மாதங்களில் சென்னை அரசு அவர் கேட்டதில் ஒரு பகுதிக்கு இறங்கிவந்து அளவைக் கூட்டியது. ஒரே அதிகாரி, இரண்டு வறட்சிகள், இரண்டு கொள்கைகள், இரண்டு முடிவுகள். இப்படிப்பட்ட ஓர் ஒப்பீடு கையில் இருந்தால் பக்கம் பக்கமாக அவலத்தை வர்ணிக்கத் தேவையில்லை.

ஆதாரம் கையில் இருப்பது மட்டும் போதாது. அது எதை நிரூபிக்கிறது என்று சொல்லும் வாக்கியமும் வேண்டும். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். துணிந்து சொல்லும் கூற்று ஒன்று, அதற்கான சான்று ஒன்று, இரண்டையும் பிணைக்கும் நியாயம் ஒன்று. நம் மாணவர்களின் கட்டுரைகளில் முதல் இரண்டும் கிடைத்துவிடும், மூன்றாவதுதான் பெரும்பாலும் காணாமல் போகிறது. ‘டெம்பிள் கூலியை ஒரு ராத்தலாகக் குறைத்தார். பல லட்சம் பேர் இறந்தனர்’ என்று அடுத்தடுத்து எழுதிவிட்டால், முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்பது தானாக விளங்கிவிடும் என்று நம்புகிறார்கள். விளங்காது. ‘நிவாரணம் பெற மண்வெட்ட வேண்டும், கல்லுடைக்க வேண்டும், அந்த உழைப்பு கேட்கும் உணவைக்கூட அந்தக் கூலி தரவில்லை என்று அரசின் சுகாதார ஆணையரே எச்சரித்தார், ஆகவே முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களும் மெலிந்து, காலராவுக்கு எளிதில் இரையானதில் கூலிக்குறைப்புக்குப் பங்குண்டு’ என்று எழுதினால் வாதம் நகர்கிறது. இங்கே ‘பங்குண்டு’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சான்று தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அந்த வாக்கியம் ஏறவில்லை. பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியது என்ற உண்மையும் இப்படித்தான். உணர்ச்சியைக் கிளறும் தகவல், மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அது வடக்கே விளைந்த கோதுமை. அது ஏற்றுமதியாகாமல் இருந்திருந்தால் பெல்லாரிக்கு வந்திருக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதவரை அந்தச் சான்று பாதி வழியிலேயே நின்றுவிடும். அரசு அதை வாங்கித் தெற்கே அனுப்பியிருக்க முடியும், பீகாருக்குப் பர்மா அரிசியை அப்படித்தான் அனுப்பியது என்று பிணைத்துவிட்டால் அது முழுச் சான்றாகிவிடும்.

இனித் திட்டம் என்று தாளில் எழுத வேண்டியது என்ன? ‘காரணங்கள்’, ‘விளைவுகள்’, ‘அரசின் நடவடிக்கைகள்’ என்று தலைப்புகளை எழுதினால் பழைய சட்டகமே திரும்பி வந்துவிடும். அவை எந்தப் பஞ்சத்துக்கும் பொருந்தும், ஆகவே இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. தலைப்புக்குப் பதிலாக ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் முழு வாக்கியமாகவே எழுதிப் பார்ப்பது நல்லது. 1876இல் பருவமழைகள் பொய்த்ததால் மாகாணத்தின் உள்மாவட்டங்களில் விளைச்சல் பெரிதும் போனது என்று ஒன்று. விளைச்சல் போனதைவிட வேகமாகக் கூலிக்காரர்களுக்கு வேலை போனது, தானியம் சந்தையில் இருந்தும் வாங்கப் பணமில்லை என்று அடுத்தது. விலை ஏறியபோதும் தனியார் வணிகத்தில் தலையிடக் கூடாது என்று அரசு உறுதியாக நின்றது என்று மூன்றாவது. நிவாரணம் உயிர் காக்கும் அளவுக்குக் கீழே நிறுத்தப்பட்டது என்று நான்காவது. பீகாரில் இதே அரசு வேறு விதமாக நடந்து வேறு விளைவைக் கண்டது என்று ஐந்தாவது. இந்த ஐந்தையும் மட்டும் தொடர்ச்சியாக வாசித்தால் ஒருவருக்கு வாதம் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் கட்டுரையும் புரியாது. எதை விடுவது என்பதையும் இந்தத் திட்டமே தீர்த்துவைக்கும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. சுவையான செய்திதான், சென்னைக்காரர்கள் தினமும் கடந்துபோகும் இடம். ஆனால் நிவாரண வேலை எவ்வளவு கடினமான உடலுழைப்பு என்று காட்ட நான்காம் பத்தியில் அது பயன்பட்டால் வரட்டும், இல்லையென்றால் வேண்டாம்.

மாற்றுக் கருத்துக்கு இடம் வைப்பதைப் பலர் பலவீனம் என்று நினைக்கிறார்கள். தமிழ் மரபு அப்படி நினைக்கவில்லை. ஒரு கருத்தின் முன் நூலாசிரியர் எடுக்கக்கூடிய நிலைகளை ஏழாகப் பிரிக்கிறது நன்னூல். பிறர் சொன்னதை முதலில் ஏற்று வைத்து, அதன் பிறகு அதைக் களைவது அவற்றுள் ஒன்று. சேனாவரையர் போன்ற உரையாசிரியர்கள் எதிராளி எழுப்பக்கூடிய ஐயத்தைத் தாங்களே எழுப்பி விடை சொல்லிக்கொண்டே போவார்கள். நம் கட்டுரையில் எழக்கூடிய பலமான மறுப்பு பீகார் ஒப்பீட்டின் மீதுதான். தென்னிந்தியப் பஞ்சம் பீகாரைவிடப் பல மடங்கு பரந்த நிலத்தைப் பிடித்தது, இரண்டு ஆண்டுகள் நீடித்தது. பீகாரில் செய்ததை இங்கே செய்திருக்கவே முடியாது என்று ஒருவர் சொல்லலாம். மழை திரும்பிய பிறகும் மலேரியாவில் ஏராளமானோர் மாண்டார்கள், அதற்கு அரசின் கூலிக் கொள்கையைப் பொறுப்பாக்க முடியுமா என்றும் கேட்கலாம். இரண்டுமே கனமான கேள்விகள். முதலாவதை ஓரளவு ஒப்புக்கொண்டாக வேண்டும். முழுச் சாவையும் தடுத்திருக்கலாம் என்று சொல்ல முடியாது, ஆனால் பரப்பு பெரிது என்பது கூலியைக் கூட்டாததற்குக் காரணமாகலாமே தவிர, அதைக் குறைத்ததற்குக் காரணமாகாது. இரண்டாவதற்கு, மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடலைத்தான் காய்ச்சல் வீழ்த்தியது என்பது பதில். இப்படி ஒப்புக்கொடுத்தும் மீட்டும் போகும்போது மூலவாக்கியமே கூர்மையாகும். ‘பெரும் காரணம்’ என்று சொல்லியிருந்ததை, ‘வறட்சியின் பரப்புக்கு மழையும், சாவின் எண்ணிக்கைக்கு அரசின் முடிவுகளும் முதன்மைக் காரணம்’ என்று திருத்திக்கொள்ளத் தோன்றலாம். அந்தத் திருத்தம்தான் மாணவர் இந்தக் கட்டுரையிலிருந்து பெற்ற அறிவு.

திட்டமிடலை இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்கு எதிராகவும் சில வாதங்கள் உண்டு. நேரம் எங்கே என்பது முதலாவது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளை எடுத்துக்கொள்வோம், அதைத் தமிழிலும் எழுதலாம். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு சொற்கள், மொத்தம் 250 மதிப்பெண். ஒரு கட்டுரைக்குத் தொண்ணூறு நிமிடம். அதில் இருபது நிமிடத்தைத் திட்டத்துக்கு ஒதுக்கினாலும் எழுபது நிமிடம் மிஞ்சும். ஆயிரத்து நூறு சொல் எழுத நிமிடத்துக்குப் பதினாறு சொல் போதும். என்ன எழுதப்போகிறோம் என்று தெரிந்தவருக்கு இது நெருக்கடியே இல்லை. நடுவில் நின்று யோசிப்பவருக்குத்தான் நேரம் போதாது. விடைத்தாள் திருத்துபவர் குறிப்புகளை எண்ணித்தானே மதிப்பெண் போடுகிறார், வாதத்தை யார் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது. பள்ளித் தேர்வைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு, அதை மாணவர் மீது ஏற்றிப் பயனில்லை. ஆனால் வாதமாகக் கட்டிய கட்டுரையிலும் அந்தக் குறிப்புகள் இருக்கத்தான் போகின்றன. மழையும் விலையும் கூலியும் ஆணைய அறிக்கையும் எதுவும் விடுபடுவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

மூன்றாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. எழுதும்போதுதான் சிந்தனை வருகிறது, முன்கூட்டித் திட்டம் போட்டால் அது வராமல் போகும் என்கிறார்கள். எழுதியெழுதித்தான் பலருக்குத் தெளிவு பிறக்கிறது என்பது உண்மை. அப்படிப்பட்டவர்கள் முதல் வரைவைத் தாராளமாகக் கைபோன போக்கில் எழுதட்டும். எழுதி முடித்த பிறகு, ஒவ்வொரு பத்தியும் உண்மையில் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிப் பார்த்தால் போதும். இரண்டு பத்திகள் ஒரே வரியைச் சொன்னால் ஒன்றை எடுத்துவிடலாம். கடைசிப் பத்தியில்தான் உண்மையான பதில் இருக்கிறது என்று தெரிந்தால், அதைத் தூக்கி முன்னால் வைத்து மறுபடி எழுதலாம். திட்டம் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும், வந்தாக வேண்டும். அமர்த்தியா சென் எழுதிய பிறகு ஒரு கல்லூரி மாணவர் பஞ்சத்தைப் பற்றிச் சொந்தமாக என்ன சொல்லிவிட முடியும் என்று தயங்குபவர்களும் உண்டு. சென் 1981இல் எழுதிய நூலில் 1943 வங்கப் பஞ்சம் உள்ளிட்டவற்றை ஆராய்ந்து, உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, உணவைப் பெறும் வழி அற்றுப்போவதாலும் வருகிறது என்று காட்டினார். 1876–78 அவருடைய ஆய்வுகளில் ஒன்றல்ல. அந்தக் கருத்தைச் சென்னை மாகாணத்தின் கூலிக்காரர்கள் மீது வைத்துப் பார்த்து, பொருந்துகிறதா, எங்கே பொருந்தவில்லை என்று சொல்வது மாணவருக்குரிய வேலைதான். சென்னின் பெயரை மேற்கோளாகப் போட்டுவிட்டு நகர்வதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நாம் கொடுக்கும் முக்கியத்துவம் அதிகம். கேள்வியை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம், நம் பதில் என்ன என்று நாலைந்து வரியில் சொன்னால் அது முன்னுரை. மற்றதையெல்லாம் எழுதிய பிறகு அதை எழுதுவது எளிது. வாதம் எங்கே வந்து நின்றது, எது இன்னும் திறந்திருக்கிறது என்று சொன்னால் முடிவுரை. பழமொழியில் தொடங்கி உறுதிமொழியில் முடிக்க வேண்டியதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எந்தக் கேள்விக்கும் நொடியில் ஓர் உள்தலைப்புப் பட்டியல் கொடுத்துவிடுகின்றன. கேள்வித்தாள் கொடுத்த குறிப்புகளை அப்படியே ஏற்றுப் பழகிய மாணவர் இதையும் ஏற்பார். அந்தப் பழக்கத்தை உடைக்கப் பெரிய பாடத்திட்ட மாற்றம் எதுவும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பிலிருந்து மாதம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். ஒரு கேள்வி, ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு சிறு சான்றுகள், அதாவது கூலி பற்றி டெம்பிள் சொன்னது ஒன்று, கார்னிஷ் சொன்னது ஒன்று. மாணவர் கட்டுரை எழுத வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு வாக்கியம், ஐந்து பத்திகளின் முதல் வாக்கியங்கள், தனக்கு எதிராக எழக்கூடிய பலமான மறுப்பு ஒன்று, இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். ஆசிரியர் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் போடட்டும்.